மருந்து டப்பாவில் எழுதியிருந்தது

அயர்லாந்தில் எம்.எஸ். படிக்கும் என் மகள் நேற்று போனை எடுத்ததும் பேசவில்லை. ஒரே ஆங்கில வரியைத் திரும்பத் திரும்ப முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பிறகு அழுதாள்.

“நாப்பது பக்கம்மா. ஒன்னுமே மண்டையில ஏறல. சார்கிட்ட புரிஞ்சிருச்சுன்னு சொல்லிட்டேன். நாளைக்கு வகுப்புல நான்தான் விளக்கணும்.”

அந்த முணுமுணுப்பு எனக்குப் பழக்கமான சத்தம். ஒன்பதாம் வகுப்பில் ஆங்கிலப் பாடத்தின் ஒவ்வொரு வரிக்கும் மேலே பென்சிலால் தமிழில் உச்சரிப்பை எழுதிவைத்துக் கடகடவென்று வாசிப்பேன். அர்த்தம் தெரியாது. அது அப்பாவுக்குத் தெரியாது. “எம்புள்ள இங்கிலீசுல பொளந்து கட்டும்” என்று எங்கள் திராட்சைத் தோட்டத்துக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

ஒருநாள் அவர் கொடிக்கு அடிக்கிற புதுப் பூச்சிமருந்து டப்பாவை என்னிடம் நீட்டினார். அதன் நெடி மூக்கில் ஏறியது.

“ஒரு டேங்குக்கு எத்தன மூடி ஊத்தணும்னு போட்டுருக்கு, ஆத்தா?”

வேலைக்கு வந்தவர்கள் என்னையே பார்த்தார்கள். பொடி எழுத்துகளுக்கு நடுவே ஒரு ஐந்து தெரிந்தது. மற்றது எதுவும் விளங்கவில்லை. தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

“அஞ்சு மூடிப்பா” என்றேன்.

மூன்றாம் நாள் திராட்சைப் பந்தல் முழுக்க இலை கருகிவிட்டது. அறுப்புக்கு இருந்த குலைகள் சுருங்கித் தொங்கின.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நேற்று மகளிடம் சொன்னேன். அவள் அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

“தாத்தாட்ட எப்பம்மா சொன்ன?”

“சொல்லவே இல்லடி. சாகுற வரைக்கும் அவுக மருந்து வித்த கடைக்காரரத்தான் வஞ்சாக.”