ஷிஃபானா கண்ட கத்தரி

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான், சாம்பல்தீவு ஞானசேகரம். ஒருவர் கையையும் எதிர்பாராமல் நான்கு படகு வைத்தவன். என்னைவிடக் கெட்டிக்காரர் என்று நான் எழுத்தில் ஒப்புக்கொள்ளும் ஒரே ஆள், ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் கிண்ணியா ஷிஃபானா. பாலம் வருமுன் ‘பாதை’ என்னும் மிதவையில் துறையைக் கடந்து பட்டணத்தில் படித்தவள். அவள் தகப்பன் அந்தப் பாதையிலேயே வேலை செய்தவர்.

சென்ற மாசியில் கெளிற்று மீனின் முள் என் வலது காலில் ஏறியது. எங்கள் கரையில் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். மனைவியின் பல்வலிக்கு வாங்கி மிஞ்சிய கப்சூலை உடைத்துத் தூளைப் புண்ணில் தூவினேன். நோவு குறைந்தது, விட்டுவிட்டேன். பிறகு புண் கறுத்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டும் கேட்கவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வரலாம் என்றார் டொக்டர்.

ஷிஃபானா என் சீழிலிருந்த கிருமியைத் தட்டில் வளரவிட்டு, மேலே மருந்து வில்லைகளை வைத்திருந்தாள். என் காலின் கணக்கை நானே பார்க்க வேண்டுமென்று மறுநாள் சக்கரக் கதிரையில் அங்கே போனேன்.

“இந்தக் கிருமி நொதியம் ஒண்டு செய்யுது, ஐயா.”

“நொதியமோ? கள்ளு நொதிக்கிற மாதிரியோ?”

“கள்ளு எனக்குத் தெரியாது. தோசை மா எண்டு வைப்பம்.” சிரிக்காமல் சொன்னாள். “மருந்துக்குள்ள நாலு மூலை வளையம் ஒண்டு இருக்கு. கிருமி சுவர் கட்டுற கையில அதுதான் போய்ப் பூட்டும். சுவர் இல்லாட்டிக் கிருமி வெடிச்சுப் போகும். இந்த நொதியம் கத்தரி மாதிரி, வளையத்தை வெட்டி விரிச்சுப்போடும். பிறகு பூட்ட ஏலாது.”

“கத்தரி மழுங்காதோ பிள்ளை?”

“அதுதானே கரைச்சல். ஒண்டை வெட்டிப்போட்டு அடுத்ததுக்குப் போகும். நீங்கள் தூவின தூள் கத்தரி இல்லாத கிருமியளைச் சாகடிச்சுப்போட்டுது. கத்தரிக்காரருக்கு இடம் ஒதுக்கிக் குடுத்திருக்கிறீங்கள்.”

என்னிடம் இப்படிக் கதைத்தவர் இந்தக் கரையில் இல்லை.

தட்டைக் காட்டினாள். மருந்து வில்லையை ஒட்டிக் கிருமி மொய்த்திருந்தது. பக்கத்தில், கத்தரியின் வாயை அடைக்கும் இன்னொரு வில்லை. இரண்டுக்கும் நடுவில் மட்டும், எங்கள் உள்துறைமுகம் போல, கிருமியில்லாத ஒரு குடா; கத்தரி அடைபட்ட அந்த இடத்தில் மருந்து வேலை செய்திருந்தது. காலையில் அந்தக் குடாவைக் கண்ட உடனேயே கத்தரிக்கு வெட்டுப்படாத மருந்தின் பெயரை டொக்டருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டாளாம்.

அன்றே மருந்தை மாற்றினார்கள். ஒன்பதாம் நாள் புண்ணில் புதுச் சதை தெரிந்தது. கால் தப்பியது.

வீடு திரும்பியபின் பெரிய கொடுவா ஒன்றோடு அவள் முன்னால் போய் நின்றேன்.

“மீன் வேண்டாம், ஐயா. வீட்டு அலுமாரியில மிச்சம் வைச்ச குளிசை இருந்தாக் கொண்டு வாங்கோ.”

நான் ஒருவர் சொல்லுக்கும் பணிகிறவன் அல்ல. மறுநாளே ஒரு பிஸ்கட் தகரம் நிறைய மிச்ச மாத்திரைகளைக் கொண்டு போனேன், இரண்டு காலாலும் நடந்து.