லா ஷப்பலில் மிசோ சூப்பும் பாதித் தேசிக்காயும்

ஏப்ரல் நடுவில் ஒரு வார இறுதிக்குப் பாரிஸ் வந்தேன். சுற்றிப் பார்க்க அல்ல. அண்ணை பதினெட்டு வருடம் இங்கே ஒரு ஜப்பானிய உணவகத்தில் சமையல்காரர். தொண்டையில் கட்டி வந்து, கதிர்ச் சிகிச்சையில் நாக்கின் ருசி போய்விட்டது. ருசி திரும்பினால்தான் வேலை என்று முதலாளி சொல்லிவிட்டார். "நீ வந்து சமை பிள்ளை, நான் குடிச்சுப் பாக்கிறன்" என்றார் அண்ணை. தானே சமைத்தால் கைப்பழக்கத்தில் ருசி தெரிகிற மாதிரியே இருக்குமாம்.

லண்டனில் இருந்து ரயில் இரண்டே கால் மணி நேரம், போகவர 118 பவுண்ட். கார் து நோர் ரயில் நிலையத்தில் இறங்கி ரூ து ஃபொபூர் சேன்-தெனி தெரு வழியே வடக்கே பத்து நிமிடம் நடந்தால் அண்ணை இருக்கும் லா ஷப்பல். டாக்சி பிடித்துக் காசைக் கரியாக்க வேண்டாம். பக்கத்து ஸ்டாலின்கிராட் மெட்ரோவடியில் ஒரு சீனக் கடையில் மிசோ, அதாவது சோயாவில் செய்த உப்பு விழுது, 4.80 யூரோ. குட்டை அரிசி 3.50. சூப்புக்கான காய்ந்த சூரைமீன் சீவல் மட்டும் 11 யூரோ. வாங்காமல் வந்து, ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் எங்கள் தமிழ்க் கடைக்காரரிடம் புலம்பினேன்.

"உதுக்கேன் தங்கச்சி பதினொரு யூரோ? மாசிக்கருவாடு இஞ்சை கிடக்குது. அதுவும் சூரைதான். மெல்லிசாச் சீவுங்கோ."

மாசி 4 யூரோ.

வீடு நான்காம் மாடி, லிஃப்ட் கிடையாது. அண்ணை குசினியில் கதிரை போட்டு இருந்து சொல்லச் சொல்லச் செய்தேன். அரிசியோடு பச்சைப் பட்டாணியும் உப்பும் போட்டு ஒரு சோறு. மாசிச் சீவல் கொதித்த தண்ணீரில் இளம் கோவா, அதாவது முட்டைக்கோஸ், வெந்ததும் அடுப்பை நிறுத்தி மிசோ கரைக்க வேண்டும். மஞ்சள் இல்லை, மிளகாய் இல்லை. கரைத்து முடிய அண்ணை எழும்பி யன்னலைத் திறக்கப் போனார். அடுப்பை நிறுத்தினால் தேங்காய்ப்பால் சொதிக்குத் தேசிக்காய் பிழிந்தே பழகிய கை என்னுடையது. பாதியைப் பிழிந்த பிறகுதான் செய்தது தெரிந்தது. ருசி பார்த்தேன். வாயில் வைக்க முடியாத புளிப்பு.

கொட்டிவிட்டு வேறு வைக்க நினைத்தேன். அதற்குள் அண்ணை வந்து கோப்பையில் வார்த்துக் குடித்துவிட்டார்.

"இதுதான் பிள்ளை. அச்சாவா வந்திருக்கு. எல்லாம் தெரியுது."

"வேறை ஏதும் தெரியுதோ அண்ணை?"

"வேறை என்ன? நீ ஏதும் போட்டனியே?"

"இல்லை."

ஏன் அந்தப் பொய்யைச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் அடுத்த அறைக்குப் போய் முதலாளிக்கு ஃபோன் எடுத்தார். என் அரைகுறைப் பிரெஞ்சுக்குத் திங்கட்கிழமை என்பது விளங்கியது. அவர் சிரித்ததும் விளங்கியது. நான் குசினியில் நின்று அழுதேன்.

இதைச் செய்து பார்ப்பவர்களுக்கு: கோவாவும் பட்டாணியும் இந்த மாதத்தில்தான் இளசு. மாசியைத் தாராளமாகப் போடலாம். மிசோவைக் கொதிக்க விடாதீர்கள். தேசிக்காயைக் கைக்கெட்டாத இடத்தில் வையுங்கள்.

இன்று ஞாயிறு. அண்ணை வேலைச் சட்டையைத் தோய்த்துக் கதவில் கொழுவியிருக்கிறார். என் ரயில் மாலை ஆறேகாலுக்கு. இன்னும் சொல்லவில்லை.