எலும்பு கெடாது

எந்த வேலையை முதலில் செய்வது என்பதை ரைலி காங்காஸ் ஒரே கேள்வியை வைத்துத்தான் முடிவு செய்வார்: எது முதலில் கெட்டுப்போகும்? தண்டர் பே நகரில் எங்கள் ஏரி ஆய்வுக்கூடத்தின் வெள்ளைப் பலகையில் அவருடைய பட்டியல் அந்த வரிசையில்தான் இருக்கும். மீன் வந்தால் மீன். சோதனைக்குத் தண்ணீர் வந்தால் தண்ணீர். அதை ஒரு நாளுக்குள் பார்த்தாக வேண்டும். பிறகு தேதி நெருங்கும் அறிக்கைகள். பிறகு நாங்கள். "மாணவங்களும் கெட்டுப்போற சாமான்தான்" என்பார், சிரிக்காமல்.

கடைசி வரி மட்டும் அழிபட்டதே இல்லை: 'என் கட்டுரை'.

ஏரி மீன்களின் காதுக்குள் ஒரு சின்ன எலும்பு இருக்கும். அதில் வருடத்துக்கு ஒரு வளையம். பதினோரு வருடங்களாக ரைலி அந்த வளையங்களை அளந்து வந்தார். ஏரி சரியாக உறையாத குளிர்காலங்களுக்குப் பிறகு வளையங்கள் மெலிந்துவிடுகின்றன என்று கண்டிருந்தார். எப்போது எழுதப் போகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். அலமாரியில் அடுக்கியிருந்த சின்னச் சின்ன உறைகளைக் காட்டினார்.

"எலும்பு கெடாது, கோரி."

அவருக்கு வயது நாற்பத்தொன்பது. வேலை இன்னும் வருடா வருடம் புதுப்பிக்கும் ஒப்பந்தம்தான். இந்த வருடம் முதல்முறையாக ஒரு நிரந்தர இடம் வந்தது. மார்ச் கடைசிக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அந்தக் கட்டுரை இல்லாவிட்டால் தேர்வுக் குழு அவர் பெயரைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அதனால் ஜனவரியிலிருந்து வியாழன்தோறும் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை எழுத ஒதுக்கினார். கதவை மூடி, கைப்பிடியில் ஒரு சிவப்புக் கம்பளிக் கையுறையை மாட்டிவிடுவார். தட்டக் கூடாது என்று அர்த்தம்.

தட்டினோம். நான்தான் அதிகம் தட்டினேன். அப்பா காகித ஆலையில் வேலை, அம்மா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். ஆய்வேடு என்றால் என்ன என்று வீட்டில் கேட்க ஆளில்லை. பேராசிரியருக்குக் கடிதத்தை எப்படி ஆரம்பிப்பது, அவர் பதில் போடாவிட்டால் கோபம் என்று எடுத்துக்கொள்வதா, எல்லாவற்றையும் ரைலியிடம்தான் கேட்டேன். ஒரு நிமிடம்தான் என்று சொல்லி நுழைவேன். வெளியே வரும்போது ஒரு மணி நேரம் போயிருக்கும், எனக்கு மனம் லேசாகியிருக்கும். அந்த ஒரு மணி நேரம் யாருடையது என்று நான் யோசித்ததில்லை.

மார்ச் மூன்றாவது வியாழன். முந்தைய மாலைதான் இரண்டு பெட்டி நிறைய மீன் பனிக்கட்டியில் வந்திருந்தது. மதியத்துக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுக் கதவை மூடினார் ரைலி. மீனை அவர் காக்க வைத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஒன்பது பத்துக்கு, புதிதாக வெளியான கட்டுரைகளின் பட்டியலைத் திறந்தேன். ஏரிக்கு அந்தப் பக்கத்துக் குழு ஒன்று. அதே மீன், அதே வளையங்கள், அதே முடிவு. அவர்களிடம் பதினான்கு வருடக் கணக்கு இருந்தது. இரண்டு முறை படித்தேன். அச்செடுத்துக்கொண்டு ரைலியின் கதவுக்குப் போனேன்.

கையுறை தொங்கியது. உள்ளே தட்டச்சுச் சத்தம் நிற்காமல் கேட்டது. தூக்கிய கையை இறக்கிவிட்டேன். ஒரு வியாழனையாவது முழுசாக அவருக்கு விட்டுக்கொடுக்கலாம் என்று தோன்றியது. நடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கூடத்தின் தலைவர் டன்ஸ்டன் ஏதோ அறிக்கையோடு வந்தார். பன்னிரண்டுக்கு மேல் வரச் சொன்னேன்.

"யார் சொல்றது பாரு. இந்தக் கதவைத் தட்டித் தட்டித் தேய்ச்சதே நீதானே" என்று சிரித்துவிட்டுப் போனார்.

பன்னிரண்டுக்குக் கதவு திறந்தது. ரைலியின் கையில் கையுறை. அவர் முகம் அப்படித் தெளிந்திருந்து நான் பார்த்ததில்லை.

"முடிவுரை வரைக்கும் வந்துட்டேன். ஒருத்தரும் தட்டல. எல்லாரும் செத்துட்டீங்களா?"

தாள்களை நீட்டினேன். முதல் பக்கத்தை நின்றபடியே படித்தார். அடுத்த பக்கத்தில் வரைபடத்தை மட்டும் பார்த்தார்.

"எப்ப பார்த்த?"

"ஒன்பது பத்துக்கு."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "மூணு மணி நேரம். நாப்பது மீனை முடிச்சிருப்பேன்."

உங்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நினைத்தேன் என்றேன்.

"இன்னைக்குத்தான் நீ தட்டியிருக்கணும்" என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இனி ஏற்கெனவே தெரிந்ததை உறுதிப்படுத்தும் கட்டுரையாகத்தான் ரைலி தன்னுடையதை அனுப்ப முடியும். அதற்கெல்லாம் தேர்வுக் குழு அசையாது. இது இருவருக்கும் தெரியும். பெட்டிகளில் பனிக்கட்டி பாதி கரைந்து, மேல் வரிசை மீன்கள் மிதந்துகொண்டிருந்தன. ஏப்ரனைக் கட்டிக்கொண்டு கத்தியை எடுத்தார். நான் எதிரில் நின்றேன்.

அன்று காலை நான் தட்டாமல் இருந்தது அவருக்காகவா, அதைச் சொல்லும் ஆளாக இருக்கப் பயந்தா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஜூனில் அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை.

அன்று ஐந்து மணிவரை அறுத்தோம். மேல் வரிசையில் ஆறு மீன்களின் வயிறு கெட்டுப்போயிருந்தது. அவற்றின் காது எலும்புகளையும் கழுவி, உறையில் போட்டு, தேதி எழுதி, அலமாரியில் வைத்தார் ரைலி.