ஒன்வினி என்று ஊரே கத்தியது

கானா நாட்டின் கொனொங்கோ ஊரில் தண்ணீர் பாக்கெட் விற்கிறவர்கள் நான்கு பேர் இருந்தார்கள். நான்கு பேரும் ஒரே ஆழத்தில் கிணறு தோண்டி, ஒரே மாதிரி இயந்திரத்தில் ஒட்டி விற்றார்கள். ஓபிரியின் தண்ணீர் மட்டும் ஊர்த் தண்ணீர் ஆனது. காரணம் தண்ணீர் அல்ல, ஓபிரியின் வாய்.

பெயர் வைப்பதையே அவர் ஊரிடம் விட்டுவிட்டார். காலை வானொலியில் உட்கார்ந்துகொண்டு, "என் தண்ணிக்கு நீங்களே பேரு வைங்கப்பா" என்றார். மூன்று நாள் தொலைபேசி ஓயவில்லை. ஃபூஃபூக் களிக் கடை மாமி அட்டா சொன்ன 'ஒன்வினி' ஜெயித்தது. குளிர்ச்சி என்று அர்த்தம். அன்றிலிருந்து அது தன் பிள்ளை மாதிரி என்று மாமி ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள். வேறு பாக்கெட்டைக் கடிக்கிறவர்களைப் பிடித்துத் திட்டவும் செய்தாள்.

அடுத்தது சாவு வீடு. சனிக்கிழமை எந்த வீட்டில் அடக்கமோ, அந்த வீட்டார் வானொலிக்குச் சொன்னால் போதும். நூறு மூட்டை இலவசம், ஓபிரியே நேரில் வருவார். முதல் தடவை ஒரு கொத்தனாரின் அடக்கம். வெயில் கொளுத்தியது. உடலை எடுக்குமுன் ஓபிரி மைக்கை வாங்கி, கையை உயர்த்தி, இறந்தவரின் பெயரை ஒரு தரம் சொன்னார். வேறொன்றும் சொல்லத் தோன்றவில்லை. கூட்டத்தில் யாரோ பாக்கெட்டைத் தூக்கி "ஒன்வினி!" என்று கத்தினான். எல்லோரும் கத்தினார்கள். செத்தவரின் பெண்சாதிகூட அழுகையினூடே சிரித்துவிட்டாள். பிறகு அதுவே வழக்கமானது. ஓபிரி வந்து பெயர் சொல்லி, ஊர் கத்தாவிட்டால் அடக்கம் அடக்கமாகவே இல்லை என்று பேசிக்கொண்டார்கள். மற்ற மூன்று பேரும் கடையைக் கட்டினார்கள்.

பிடிக்காதவள் ஒருத்திதான், அவர் மனைவி பிராகோ. தொடக்கத்தில் இரவும் பகலும் உட்கார்ந்து பாக்கெட் ஒட்டியவள் அவள்.

"செத்தவன் பேர வெச்சு தண்ணி விக்கிறியே, திவா அப்பா."

"விக்கலடி, குடுக்குறேன்."

"குடுக்குறதுக்கு எதுக்கு மைக்கு?"

ஓபிரி சிரித்து மழுப்புவார்.

பிராகோவின் வயிற்றில் கட்டி வந்தது. கண்டுபிடித்தபோது நாள் கடந்துவிட்டது. குமாசி ஆஸ்பத்திரியில், மகள் திவா பக்கத்தில் நிற்க, அவள் ஓபிரியின் கையை இழுத்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். என் அடக்கத்துல அந்தக் கூச்சல் வேணாம். நீ என் பேர மெதுவா ஒரு தரம் சொல்லு. எனக்குக் கேட்டா போதும்."

"சத்தியமா" என்றார் ஓபிரி. வாழ்நாளில் அவள் அவரிடம் கேட்டது அதிகமில்லை. இதையாவது செய்துவிட வேண்டும் என்று அவருக்கு உயிர் துடித்தது.

அவள் அடக்கம் நடந்த சனிக்கிழமை தண்ணீர் லாரியை அவர் பூட்டி வைத்துவிட்டார். ஊர் விடுமா? மாமி அட்டா வீடு வீடாகப் போய், "இத்தன வருசம் நமக்குக் குடுத்தாரு, இன்னைக்கி நாம குடுப்போம்" என்று சொல்லியிருந்தாள். துக்கத்துக்குக் கறுப்பும் சிவப்புமாகத் துணி சுற்றிய ஜனம், தலையில் ஒன்வினி மூட்டைகளோடு வந்தபடியே இருந்தது. பந்தல் கொள்ளவில்லை. வந்தவர்களில் ஒருவர் மேலும் அவரால் கோபப்பட முடியவில்லை, அதுதான் கொடுமை.

மைக்செட்காரர் அம்போன்சாவை ஓபிரி தனியே இழுத்துப் போனார். "இன்னைக்கிக் கத்த வேணாம்னு சொல்லிருய்யா."

"நான் சொன்னா அடிப்பாங்க தலைவரே. அன்பா வந்திருக்காங்க. நீங்க வாயத் தொறந்தா கேப்பாங்க."

சரிதான் என்று பட்டது. சவப்பெட்டியின் பக்கத்தில் நின்று மைக்கை வாங்கினார். கூட்டம் கப்சிப் ஆனது. ஆயிரம் பாக்கெட்டுகள் மார்பு உயரத்துக்கு வந்தன.

"எல்லாருக்கும் நன்றி. ஒரே ஒரு வேண்டுதல். யாரும் கோவிச்சுக்காதீங்க. என் பொண்டாட்டி பிராகோ..."

"ஒன்வினி!"

பந்தல் அதிர்ந்தது. வேண்டாம், வேண்டாம் என்று ஓபிரி பதறிக் கையைத் தூக்கினார். கையைத் தூக்கினால் இன்னொரு தரம் என்றுதான் அவர்களுக்குத் தெரியும், பழக்கியவரே அவர்தானே. முன்னைவிடப் பெரிதாகக் கத்தினார்கள். அவர் முகத்தை மூடிக்கொண்டு தேம்பினார். ஊரின் அன்பைத் தாங்காமல் அழுகிறார் என்று நினைத்து மாமி அட்டா ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

"பாத்தியாய்யா, எம்மாஞ் சனம்! ராணி மாதிரி போறா உன் பொண்டாட்டி!"

திவாதான் அவரைப் பிடித்துக்கொண்டு போய் உட்கார வைத்தாள்.

"பேரச் சொல்லாம இருந்திருக்கலாமேப்பா."

"பேரு சொல்லாம அவளப் பத்தி எப்படிம்மா பேசுறது?"

குழிக்கரைக்கு மைக் வரவில்லை. பாதிரியார் செபம் முடித்து விலகினார். பெட்டி இறங்கியது. ஓபிரி ஒரு பிடி மண்ணோடு குனிந்தார். பாதி வாக்காவது காப்பாற்றலாம், அவள் காதோடு சொல்வதுபோல் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். உதடு பிரியும்போது சுற்றிலும் ஏதோ அசைந்தது. நிமிர்ந்து பார்த்தார். குழியைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் பாக்கெட்டை உயர்த்திப் பிடித்துக்கொண்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஈரக் கண்களோடு, ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சொல்லுங்கப்பா" என்றாள் திவா, அவர் காதில்.

ஓபிரி மாட்டேன் என்று தலையை ஆட்டினார். வாயை இறுக மூடிக்கொண்டு மண்ணைப் போட்டார். நாற்பது வருஷம் கூப்பிட்ட பெயரை அவளுக்காக மெதுவாக ஒரு தரம்கூடச் சொல்லாமல், மற்றவர்களும் மண் போடுவதற்கு வழிவிட்டு நகர்ந்தார்.