பூட்ஸ் கடைச் சித்தி எங்கள் வீட்டில் இருந்தபோது

சீனாவோடு சண்டை மூண்டபோது எனக்கு எட்டு வயது. கொடைக்கானலில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி, விடுதிப் பிள்ளைகளுக்குப் பூட்ஸ் தைத்துக் கொடுக்கும் சீனர் ஒருவர் மனைவியோடு குடியிருந்தார். இருவரும் கல்கத்தாவில் பிறந்தவர்கள். சீனாவை எங்களைப் போலவே வரைபடத்தில்தான் பார்த்திருந்தார்கள். அவரைச் சித்தப்பா என்றும் அவர் மனைவியைச் சித்தி என்றும் கூப்பிடுவேன். சித்திக்கு அப்போது நிறைமாதம்.

ஒருநாள் காலையில் சித்தப்பாவை விசாரணைக்கென்று மதுரைக்கு அழைத்துப் போனார்கள். மத்தியானத்துக்குள் கடைக் கதவில் யாரோ சாணியை அடித்திருந்தார்கள். அம்மா போய்ச் சித்தியின் துணிமூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சித்தி தயங்கித் தயங்கிப் பின்னால் வந்தார். குளிருக்கு அடக்கமாக அடுப்பங்கரையில் அவருக்குப் பாய் விரித்துவிட்டு, அம்மா என் தாடையைப் பிடித்தாள்.

"யாரு கேட்டாலும் வாயத் தொறக்கக் கூடாது. தெரியுதா?"

இரண்டு நாள் திறக்கவில்லை. என் சுபாவத்துக்கு அதுவே அதிகம். மூன்றாம் நாள் பள்ளிக்கூடத்தில் ஒருத்தி, தன் அண்ணன் பட்டாளத்தில் இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். எல்லோரும் அவளையே சுற்றி நின்றார்கள்.

"எங்க வீட்ல ஒரு சீனாக்காரி இருக்கா" என்றேன்.

கூட்டம் முழுவதும் என் பக்கம் திரும்பியது. அந்தப் பெருமை மணி அடிக்கும்வரைதான் இருந்தது. பிறகு அம்மா தாடையைப் பிடித்துச் சொன்னது ஞாபகம் வந்தது.

சாயங்காலம் நான்கு பேர் வந்தார்கள். அப்பா வேலையிலிருந்து திரும்பியிருக்கவில்லை. அம்மா இரண்டு கையாலும் நிலையைப் பிடித்துக்கொண்டு வாசலை மறித்து நின்றாள்.

"உள்ள யார ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

"ஒளிக்கல. புள்ளத்தாச்சி படுத்துக் கெடக்கு. சத்தம் போடாமப் போங்க."

"அவ புருசன் உளவு பாத்தவன், தெரியுமில்ல?"

அம்மா நிலையை விடவில்லை. அதற்குள் சித்தியே சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டார்.

"அக்காவ ஒண்ணும் சொல்லாதீங்க. நான் போயிடறேன்."

"எங்கிட்டுப் போவ, இந்த வயித்தத் தூக்கிக்கிட்டு? உள்ள போடி!" என்று அம்மா அதட்டினாள். என்னை அதட்டுவதும் அப்படித்தான்.

வந்தவர்களில் மூத்தவர் தலையைக் குனிந்துகொண்டார். "வாங்கடா" என்று மற்றவர்களையும் கூட்டிப்போனார். ஒருவன் மட்டும் திரும்பிப் பார்த்து, "நாளைக்கு வர்றோம்" என்றான்.

மறுநாள் காலையில் காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "ஆமா, சுடுது" என்றாள். அந்த வாரம் முழுக்க நான் பள்ளிக்கூடம் போகவில்லை. வெளியே செருப்புச் சத்தம் கேட்டபோதெல்லாம் போர்வையைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டேன். ஆனால் வந்தவர்கள் எங்கள் தெருப் பெண்கள். ஒருத்தி கருப்பட்டி கொண்டு வந்தாள், ஒருத்தி பழஞ்சேலை. முறை வைத்ததுபோல ஆள் மாற்றி ஆள் எங்கள் வாசலில் உட்கார்ந்து பூண்டு உரித்தார்கள். அந்த நான்கு பேரும் மறுபடி வரவே இல்லை.

சித்திக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஒரு மாதம் கழித்து, பாதி ஆளாய்த் திரும்பி வந்த சித்தப்பா எங்கள் வீட்டில்தான் மகளை முதன்முதலாகப் பார்த்தார். அடுத்த கோடையில் மூவரும் கல்கத்தாவுக்கே போய்விட்டார்கள்.

சித்தி இருப்பதை வெளியில் சொன்னது யார் என்று அம்மா ஒருநாளும் கேட்கவில்லை. காய்ச்சலே இல்லாத நெற்றியைத் தொட்டு "சுடுது" என்று அவள் ஏன் சொன்னாள் என்று யோசிக்கவும் எனக்கு அப்போது தெரியவில்லை. அம்மாவை ஏமாற்றிவிட்டேன் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.