வேம்புலியின் அல்பேனியா வீடு

எங்கள் வேம்புலிக்கு அல்பேனியாவில் சொந்த வீடு இருக்கிறது. திருநின்றவூரில் வாடகைக்குத்தான் இருக்கிறார்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பத்தோரு வருஷம் லேத் ஓட்டிய மனுஷன். பத்து வருஷம் முன்னால் ஏரிக்கரையில் மனை வாங்கினார். முதல் மழையிலேயே அது கரையில்லை, ஏரி என்று தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து அவர் மனைவி கன்னியம்மாவுக்கு ஒரே ஆசை. கண்ணை மூடுவதற்குள் சொந்த வீட்டில் பால் காய்ச்ச வேண்டும்.

ஓய்வுபெற்றபோது வந்த மொத்தப் பணத்தையும் எடுத்துக்கொண்டு, பூந்தமல்லி ஓட்டலில் நடந்த ஒரு கூட்டத்துக்குப் போனார் வேம்புலி. அல்பேனியா என்ற வெளிநாட்டில் கடற்கரையோரம் ஒன்பதாவது மாடியில் வீடு, சுற்றுலா இப்போதுதான் சூடு பிடிக்கிறது, கம்பெனியே வாடகைக்கு விட்டு மாதாமாதம் அனுப்பும், அதில் இங்கே வீடு கட்டலாம் என்றார்கள். அவர் கேட்டது ஒரே கேள்வி.

"சார், அது ஏரிப் புறம்போக்கு இல்லியே?"

"ஏரியே இல்லை சார். கடல்தான்."

நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

கன்னியம்மா மூன்று நாள் திட்டித் தீர்த்தார். நாலாம் நாள், "அந்தூட்ல பால் காச்ச எப்பய்யா இட்டுகினு போவே?" என்றார். விமான டிக்கெட் விலையைக் கேட்ட வேம்புலி நேராக என் கடைக்கு வந்தார். நான் லட்சுமணன், அம்பத்தூரில் போர்டு எழுதுகிறவன்.

"சும்மா கெடந்தா எவனாச்சும் வளைச்சிடுவான் மாமே. ஒரு போர்டு எழுது."

நம் பக்கம் காலி மனைகளில் நிற்குமே, அதே போர்டு. 'இந்த இடம் வேம்புலிக்குச் சொந்தமானது. அத்துமீறி நுழைபவர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்படும்.' கீழே செல் நம்பர், வெளிநாடாச்சே என்று முன்னால் தொண்ணூற்றொன்று. ஒன்பதாவது மாடி அறைக்கு இதெல்லாம் எதற்கு என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் எழுதிக் கொடுத்ததில் என் மேலேயே எனக்குக் கோபம். கூரியரில் போனதை தமிழ் தெரியாத அந்த ஊர்க் கம்பெனிக்காரன் வரவேற்புப் பலகை என்று நினைத்து வாசல் கதவில் மாட்டி, போட்டோவும் அனுப்பினான்.

தங்க வருகிறவர்களுக்குத் தமிழ் தெரியாது, நம்பர் தெரியும். ஏசி ஓடவில்லை, தண்ணீர் வரவில்லை என்று தினமும் வேம்புலிக்குப் போன். "டேங்க்ல பாத்தியா நைனா?" என்று இவரும் பொறுப்பாக விசாரிப்பார். வாடகைப் பணம்தான் வரவில்லை. கேட்டால் பராமரிப்புச் செலவாம்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் வேம்புலியின் திருநின்றவூர் வீட்டுக்குப் போயிருந்தேன். வீட்டு ஓனர் அப்போதுதான் வந்து வாடகையை ஏற்றிவிட்டுப் போயிருந்தார். கன்னியம்மா முகம் செத்திருந்தது. அந்த நேரம் பார்த்து வீடியோ கால். அல்பேனியா வீட்டில் தங்க வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண், இடுப்பில் அழுகிற கைக்குழந்தை. கரண்ட் அடுப்பையும் அதன்மேல் இருந்த பாலையும் காட்டிக் கையை விரித்தாள்.

கன்னியம்மா போனைப் பிடுங்கினார். "லாக் ஆயிகீதும்மா. இப்டி அமுக்கிப் புடி," என்று தன் கரண்ட் அடுப்பில் செய்து காட்டினார். அங்கே விளக்கு எரிந்தது. பால் சூடானதும் அவள் இறக்கப் போனாள்.

"இரும்மா, பொங்கட்டும்."

கையால் மறித்ததைப் பார்த்து அவளும் நின்றுவிட்டாள். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. கன்னியம்மா போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுக் கைகூப்பினார், அழுதார். நானும் எழுந்து கைகூப்பினேன். வேம்புலி மட்டும், "கெழக்கால பொங்குச்சா மாமே?" என்று என் காதில் கேட்டார்.

போனை வைத்தபின் கன்னியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு புருஷனைக் கூப்பிட்டார்.

"நல்ல பொண்ணுய்யா. கைக்கொழந்தைக்காரி வேற. அதுக்கு மட்டும் வாடகைய ஏத்திடாதே."