வேக்குவம் கேஜ் காட்டிய கசிவு

கார் நிற்கும்போதெல்லாம் இருக்கை என் தொடைக்கடியில் நடுங்கும். கண்ணாடிகள் "கடகட"வென்று அடித்துக்கொள்ள, ஈரச் சீருடையின் வாடையும் பெட்ரோல் வாடையும் சேர்ந்து குமட்டிக்கொண்டு வரும். எனக்குப் பத்து வயதாயிருந்த அந்த மழைக்காலத்தில், மட்டாஞ்சேரியில் எங்கள் தெருப் பிள்ளைகள் ஆறு பேரையும் என்னையும் எங்கள் பழைய காரில் அம்மாதான் பள்ளிக்கு ஓட்டிச் சென்றாள்.

"எஞ்சின் போச்சு, வித்துத் தொலை" என்று அப்பா தினமும் சொல்ல, வால்வு கருகியிருக்கும், எஞ்சினையே இறக்க வேண்டிவரும் என்று தெருவில் ஆளாளுக்குச் சொல்ல, அம்மா வழக்கம்போல வண்டியை எடுத்தாள். ஒரு வெள்ளிக்கிழமை பாலத்து இறக்கத்தில், முன்னால் நின்ற பஸ்ஸை முட்டாமல் ஒரு சாண் இடைவெளியில் கார் நின்றது. அம்மா இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்ததை முன் இருக்கையிலிருந்த நான் மட்டும் பார்த்தேன். மற்றப் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்ட பிறகு என்னை நிறுத்தி, "ரோடு நனைஞ்சிருந்தது, அதான். அப்பாகிட்ட சொல்லாதே, கேட்டியா" என்றாள். நான் சொல்லவில்லை.

மறுநாள் கொச்சங்காடியில் மெக்கானிக் நசீரிக்காவிடம் போனோம். எஞ்சின் காற்றை எவ்வளவு பலமாக உறிஞ்சுகிறது என்று காட்டும் வட்டமான "வேக்குவம் கேஜ்" ஒன்றை அவர் எஞ்சினோடு ஒரு குழாயால் இணைத்தார். "ஊசி விட்டுவிட்டுத் துள்ளினா வால்வு போச்சு, சேச்சீ" என்று அம்மாவிடம் அக்கா முறை வைத்துச் சொன்னார். தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டு நான் ஊசியையே பார்த்தேன். அது துள்ளவில்லை; இருக்கவேண்டிய இடத்துக்கு வெகு கீழே அசையாமல் நின்றது. அவர் ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாக இடுக்கியால் நெரித்தார். பிரேக்குக்குப் போகும் தடித்த குழாயை நெரித்ததும் ஊசி விறுவிறுவென்று ஏறியது, நடுக்கமும் நின்றது. அம்மா சிரித்தேவிட்டாள். நசீரிக்கா சிரிக்கவில்லை.

"இந்த டியூப்பு கீறிப்போயிருக்கு. காத்து புகுந்துதான் எஞ்சின் நடுங்குது. பிரேக்குக்கும் பலம் இது வழியாத்தான் போகணும். மிதிச்சா கட்டியா இருந்திருக்குமே சேச்சீ, அறிஞ்சில்லையா?"

"அறிஞ்சேன்" என்றாள் அம்மா, மிக மெதுவாக. "நாலு நாளா."

புதுக் குழாய் போட்ட அன்று மாலையே அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு ஆறு வீட்டுக்கும் போய், வாசலில் நின்றபடி, பிரேக் சரியில்லை என்று தெரிந்தும் உங்கள் பிள்ளையை ஏற்றிப்போனேன் என்று சொன்னாள். நான்கு வீட்டில் திட்டினார்கள். திங்கட்கிழமை பிள்ளைகளையும் அனுப்பினார்கள். ஒரு வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். என் தோழி சபீராவின் உம்மா மட்டும், "என் மோளை வண்டியில வச்சுக்கிட்டா?" என்று கேட்டுவிட்டு அழுதார். சபீரா பிறகு எங்கள் காரில் ஏறவே இல்லை.

இன்று அந்தக் கார் இல்லை; நசீரிக்காவின் பட்டறை இருந்த இடத்தில் சுற்றுலா வந்தவர்கள் சாயா குடிக்கிறார்கள். நான் இப்போது காக்கநாட்டில் வேலை பார்க்கிறேன்; என் காரில் கோளாறு என்றால் கம்ப்யூட்டரை மாட்டி அது காட்டும் எண்ணைப் படித்துச் சொல்லிவிடுகிறார்கள். சபீராவின் உம்மாவை மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் எப்போதாவது பார்ப்பேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் அம்மாமேல எனக்கு இப்ப ஒரு தேஷ்யமும் கோபமும் இல்ல, மோளே. நீயும் பாவம், சின்னக் குட்டி, உனக்கென்ன தெரியும்" என்பார். பாலத்தில் அம்மாவின் கால்களைப் பார்த்த எனக்கும் தெரிந்திருந்தது என்று இதுவரை நான் அவரிடம் சொன்னதில்லை.